கைத்தடங்கள் இருந்த சுவர்

கரண்டுக்காரர் என்றால் அந்தக் குகையில் தெரியாதவர் கிடையாது. குகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம் என்று முடிவானபோது உள்ளே விளக்குப் போட ஆள் தேடினார்கள். வௌவால் நாற்றத்துக்கும் இருட்டுக்கும் பயந்து ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். இவர்தான் ஒயர் சுருளை இடுப்பில் கட்டிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி, வயிறு தரையில் தேய இடுக்குகளில் தவழ்ந்து போனார். வேலை முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டார். மனைவியின் தம்பிக்கும் சுற்றிக்காட்டும் வேலையை வாங்கிக் கொடுத்தார். மைத்துனன் வாய்க்காரன். விட்டால் குகையைத் தன் பூர்வீகச் சொத்து என்றுகூடச் சொல்லிவிடுவான்.

கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளுக்குச் சிவப்பும் நீலமும், தரையிலிருந்து எழும்பிய கல்தூண்களுக்கு மஞ்சளுமாக விளக்குப் போட்டிருந்தார் கரண்டுக்காரர். மைத்துனன் கூட்டத்தை இருட்டில் நிறுத்திவிட்டு, "மாமா, போடுங்க!" என்று கத்துவான். இவர் சுவிட்சைத் தட்டுவார். "ஹா!" என்று மொத்தக் கூட்டமும் வாய் பிளக்கும். அந்தச் சத்தத்துக்காகவே அவர் காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்ததுண்டு.

குகையின் கடைசி அறையில்தான் கைத்தடச் சுவர் இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ சிவப்புக் காவியைக் குழைத்து, உள்ளங்கையில் பூசிச் சுவரில் பதித்த கைகள். பெரிய கைகளுக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், ஒரு குழந்தையின் கை. முதலில் அங்கே மங்கலான பல்பு ஒன்றுதான் இருந்தது. "எங்கங்க கை? ஒண்ணும் தெரியலையே" என்று வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். கரண்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. மேலாளரிடம் மன்றாடி ஒரு பெரிய விளக்கை வாங்கி, சுவருக்கு நெருக்கமாகப் பொருத்தினார். காலையில் கதவு திறந்ததிலிருந்து மாலையில் பூட்டும்வரை அது எரிந்தது. கைகள் நேற்றுப் பதித்தவைபோலத் தெரிந்தன. ஒருமுறை அவர் மனைவி வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, நம்ம பாப்பாவோட கை மாதிரியே இருக்கு" என்று நெகிழ்ந்துபோனாள்.

சில வருடங்களில் சுவரில் பச்சை படர ஆரம்பித்தது. மைத்துனனுக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. "ஆதிமனுஷன் மூலிகைச் சாறு பூசியிருக்கான், பாருங்க" என்று அளந்துவிட்டான். கூட்டமும் தலையாட்டியது. கரண்டுக்காரரும் அந்தப் பச்சையை ஓர் அழகு என்றே நினைத்திருந்தார்.

குகைகளை ஆராயும் அம்மா ஒருவர் வந்தபோதுதான் வினை பிடித்தது. நடுத்தர வயது, சேறு படிந்த பூட்ஸ், தலையில் விளக்கு வைத்த தொப்பி. பார்க்கிற எதையும் விளக்கிச் சொல்லாமல் அவரால் நகர முடியாது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது லேசான புளிப்பு ஏறி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கரைத்தே இந்தக் குகை உண்டானது என்றார். அதே நீர் சொட்டும்போது விட்டுப்போகிற சுண்ணாம்புதான் விழுதாக வளர்கிறது என்றார். கரண்டுக்காரர் கைகட்டிக் கேட்டுக்கொண்டே கூட நடந்தார். இத்தனை வருடம் தான் விளக்குப் போட்டது எதற்கு என்றே தெரியாமல் போட்டிருக்கிறோமே என்று அவருக்கு ஒரே வியப்பு.

கடைசி அறைக்கு வந்ததும் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த விளக்கை யாரு போட்டது?"

மைத்துனன் முந்திக்கொண்டான். "எங்க மாமாதான் மேடம்! யார் உதவியும் இல்லாம, ஒத்த ஆளா மாட்டினாரு!"

அந்த அம்மா கோபப்படவில்லை. "இருட்டுல பச்சையா எதுவும் வளராதுங்க. வர்றவங்க துணியிலயும் செருப்புலயும் பாசியோட விதை மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். சுவர்ல ஈரம் இருக்கு. வெளிச்சம் மட்டும்தான் இல்லாம இருந்துச்சு. அதை இந்த விளக்கு கொடுத்திருக்கு" என்றார். குழந்தையின் கைமேல் பச்சைக்கு அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று இருப்பதைக் காட்டினார். "சாயத்துக்கு மேல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. இதுல துளி எடுத்துச் சோதிச்சா, இந்தக் கை குறைஞ்சது எவ்வளவு பழசுன்னு சொல்லிடலாம். வேற எந்தக் கைமேலயும் இப்படி இல்ல. நாளைக்கு எடுக்கலாம். அதுவரைக்கும் யாரும் சுவரைத் தொட வேணாம்."

கரண்டுக்காரருக்குக் காது மடல் சுட்டது. விளக்கை அணைத்தார். வீட்டுக்குப் போனதும் மனைவி, "ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்களாமே, உங்க விளக்கைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று ஆவலாகக் கேட்டாள். "நல்லாயிருக்குன்னாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்துகொண்டார்.

தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்தால் பிளீச்சிங் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். அது அவருக்குத் தெரியும். குகைக்கு அது பொருந்துமா என்று தெரியாது, கேட்கவும் வெட்கம். தான் கொண்டுவந்த பச்சையைத் தானே துடைத்து, அந்த அம்மா வரும்போது சுவரைப் பளிச்சென்று காட்டிவிட்டால் அவமானம் பாதியாவது குறையும் என்று கணக்குப் போட்டார். தொட வேண்டாம் என்றது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, துப்புரவு சாமான் வைக்கிற அறையிலிருந்து பிளீச்சிங் பாட்டிலையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஓரத்தில் தேய்த்தபோது பச்சை கரைந்து ஓடியது. உற்சாகமாகிவிட்டது. பச்சை அதிகமாக அப்பியிருந்த இடம் குழந்தையின் கைதான். அதில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். வழிந்த தண்ணீர் முதலில் பச்சையாக இருந்தது. பிறகு பாலாக வெளுத்தது. பிறகு சிவந்தது.

பிரஷ்ஷை எடுத்துவிட்டு டார்ச் அடித்தார். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் காணோம். உள்ளங்கை இருந்த இடத்தில் ஒரு கறை மட்டும் இருந்தது. வழிந்த சிவப்பைத் தன் சட்டை முனையால் ஒற்றி எடுக்கப் பார்த்தார், ஏதோ திரும்ப ஒட்டவைத்துவிடலாம் என்பதுபோல. அது துணியில் ஏறிக்கொண்டது. சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கருவிப் பையில் திணித்து, பனியனோடு வெளியே வந்து, பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

அந்த அம்மா வந்து பார்த்தார். சுவர் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் மூக்கைச் சுளித்து, "பிளீச்சிங் வாடை அடிக்குதே" என்றார். உடனே துப்புரவு வேலை பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டார்கள். பல வருடங்களாகக் குகைப் படிகளைக் கழுவுகிறவர், கணவர் இல்லாதவர், யார் வம்புக்கும் போகாதவர்.

"சாமான் அறைச் சாவி உன்கிட்டயும் கரண்டுக்காரர்கிட்டயும்தான் இருக்கு. அவருக்குப் பிளீச்சிங் எதுக்கு? உண்மையைச் சொல்லு!" என்று அதட்டினார் மேலாளர்.

"ஐயா, நான் இன்னும் உள்ளேயே போகலை. வேணும்னா கரண்டுக்காரரைக் கேளுங்க, நான் இப்பத்தான் வர்றதை வாசல்ல பார்த்தாரே."

எல்லோரும் கரண்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். 'நான்தான்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. "நான் சரியா கவனிக்கலைங்க" என்று வாய் சொன்னது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கரண்டுக்காரர் வெறும் பனியனோடு நிற்பதையும், விரல் நகங்களில் ஒட்டியிருந்த சிவப்பையும் கவனித்தார் போலிருக்கிறது. மேலாளர் கேட்டதும் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காட்டிக்கொடுத்திருந்தால்கூடக் கரண்டுக்காரருக்குத் தேவலையாக இருந்திருக்கும். மதியம்வரை சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். மைத்துனன், "மாமா, அந்த அக்கா இப்படிச் செய்வாங்கன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டபோது அவருக்கு அடக்க முடியவில்லை. கருவிப் பையிலிருந்து சட்டையை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போய், மேசைமேல் விரித்துப் போட்டார்.

மேலாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அது பரவாயில்லை. அந்த அம்மா திட்டவே இல்லை. எவ்வளவு பிளீச்சிங், தண்ணீர் கலந்ததா, எந்தப் பக்கமிருந்து தேய்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் பதில் சொல்லச் சொல்லக் கூனிக்குறுகிப் போனார்.

"அந்தப் படலம் கொஞ்சமாவது மிச்சம் இருக்காங்க மேடம்?"

"இல்லைங்க" என்றார் அவர். "அது எவ்வளவு பழசுன்னு இனி தெரிஞ்சுக்க வழியில்ல."

அன்று மாலை மைத்துனனைக் கூட்டிக்கொண்டு அந்தத் துப்புரவு அக்காவின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அக்கா உள்ளே கூப்பிடவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா. மேலாளர்கிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு நீங்க வேலைக்கு வரலாம். என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதி, கரண்டுக்காரரே. எனக்கு என்ன?" என்றார் அக்கா. "எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையை நீங்களும் நின்னு பார்த்தீங்க." மறுநாள் அவர் வேலைக்கு வந்தார். இவர் இருக்கிற பக்கம் மட்டும் திரும்புவதில்லை.

வீட்டில் மனைவி அழுதாள். எந்தக் கை என்று கேட்டாள். அவர் சொன்னதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

கடைசி அறையை மூடிவிட்டார்கள். வண்ண விளக்குகளை எல்லாம் எடுக்கச் சொன்னார்கள். மாட்டியவரே கழற்றினார். ஆள் கடந்ததும் தானே அணைந்துவிடும் சிறிய விளக்குகள் வந்தன. "ஹா" என்ற சத்தம் நின்றுபோனது. வேலையை விட்டு நீக்கவில்லை, ஆனால் ஒயரைத் தொடக் கூடாது என்று சொல்லி, பூட்டிய அறையின் வாசலில் நிற்க வைத்தார்கள். வருகிறவர்களுக்கு ஏன் மூடியிருக்கிறது என்று சொல்வதுதான் இப்போது வேலை.

தொடக்கத்தில், "பாசி பிடிச்சிடுச்சு, அதான் மூடிட்டாங்க" என்று மழுப்பினார். பிறகு, "ஒரு ஆள் தெரியாம தேய்ச்சுட்டான்" என்று சொல்லிப் பார்த்தார். அதுவே பழகிவிட்டது. ஒருநாள் ஓர் இளம்பெண் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எந்த முட்டாள் சார் அது?"

படிகளைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் துடைப்பச் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காது இங்கேதான் இருந்தது.

"நான்தாம்மா" என்றார் கரண்டுக்காரர்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நல்ல ஜோக் அடிக்கிறார் பெரியவர் என்று ஒருவர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். முகம் செக்கச்செவேலென்று சிவக்க, அடுத்த கூட்டம் வரும்வரை அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.