தீவில் வைத்த பெரட்டு

கப்பல் உடைந்து சில பொடியன்கள் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். பெரியவர் யாரும் இல்லை. அதுதான் நாடகம். எங்கள் வகுப்புச் சேர் எழுதியது. கேகாலையில் நடக்கும் போட்டிக்கு. தொண்ணூற்றாறோ ஏழோ, சரியாக நினைவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அதற்கு முன் யாரும் போட்டி என்று போனதில்லை. நாங்கள் கடலும் பார்த்ததில்லை.

முதல் நாள் சேர் கேட்டார். "கரையில ஒதுங்கிட்டீங்க. மொதல்ல என்ன செய்வீங்க?"

"பெரட்டு வைப்போம் சேர்," என்றான் அவன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரன்.

விடியலில் கங்காணி ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. எங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான்.

"தீவுல யாருடா கங்காணி?" சேர் சிரித்தார். அதையே நாடகத்தில் வைத்தார். அவனையே தலைவனாகப் போட்டார்.

நல்ல தலைவன். கை ஓங்க மாட்டான். யாராவது குழப்படி செய்தால், "ஒனக்கு இன்னைக்கு அரைப்பேர்," என்பான். தோட்டத்தில் அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். தீவில் பாதிச் சாப்பாடு. எல்லாம் நடிப்புத்தான். இருந்தும் அரைப்பேர் விழுந்தவன் முகம் தொங்கிப்போகும். உடனே தலைவன் தன் பங்கிலிருந்து இல்லாத கிழங்கை உடைத்து அவனுக்கு நீட்டுவான். சேர் எழுதியதில் அது இல்லை.

பிறகு அவன் அப்பா பால் வெட்டும் மலையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு போனது. மாமா வந்து அவனைக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்குக் கூட்டிப்போனார்.

"போட்டிக்கு வந்துருவேன். வேற யாரையும் போட்டுறாதீங்கடா."

"முதலாளி லீவு குடுப்பாராடா?"

"குடுப்பாரு. மாமா பேசிட்டாரு."

சேர் வேறு ஆள் போடலாம் என்றார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவன் இல்லாமலே பழகினோம். வரிசையில் நிற்போம். கூப்பிட ஆள் இல்லை. யாராவது வாயைத் திறந்தால், "நீ என்னா பெரிய கங்காணியா?" என்று ஒருவன் கேட்பான். "இல்ல, ஒங்கப்பன்!" என்று பதில் வரும். கிழங்கு பிரிக்கும் இடத்தில் நிஜமாகவே அடித்துக்கொண்டோம்.

"அவன் வரட்டும்," என்றார் சேர்.

போட்டிக்கு முந்தின நாள் வந்தான். நீளக் காற்சட்டை. தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. கோப்பை கழுவிய சவுக்காரத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெந்திருந்தது. எங்களுக்கு ஒரு பை நிறைய உடைந்த பிஸ்கட் கொண்டுவந்தான்.

"கொழும்பு எப்பிடிடா?"

"கடைதான்டா."

ஒத்திகையில் பெரட்டு தொடங்கியது. வரிசையில் ஒருவன் பிஸ்கட்டை மென்றுகொண்டு சிரித்தான்.

"கொல்லோ! மெஹெ வரெங்!" என்று கத்தினான் தலைவன். டேய் பொடியா, இங்க வாடா என்று சிங்களத்தில். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பகிடிக்குச் செய்கிறான் என்று நினைத்தோம். கிட்டப் போனவனுக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

அடி வாங்கியவன் அழவில்லை. அடித்தவன்தான் வெளியே போய்ப் பைப்படியில் உட்கார்ந்தான். சேர் பின்னால் போனார். நானும் போனேன்.

"கடையில அடிக்கிறாங்களா?"

அவன் பைப்பைத் திறந்து கையைக் கழுவினான். "சேர், எனக்கு வேற வேஷம் குடுங்க. வரிசையில நிக்கிறேன்," என்றான்.

"ஒனக்காகத்தானடா வச்சிருந்தோம்," என்றேன்.

"நீ கூப்பிடு. நான் நிக்கிறேன்."

மறுநாள் நான் தலைவன். மேடையில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவனும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவன் பேர் வந்தது. கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டு, "மாத்தயா" என்றான். சிங்களத்தில், கடை முதலாளியைக் கூப்பிடுவது போல. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கை தட்டினார்கள். வேண்டுமென்று சொல்லவில்லை அவன். காது சிவந்துபோய் நின்றான். நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

எங்களுக்குப் பரிசு ஒன்றும் இல்லை. அது தெரியும் முன்பே அவன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டான். நான் கூடப் போனேன்.

"நில்லுடா. ஒரு நாள் பிந்திப் போனா என்னா?"

"லீவு இவ்வளவுதான்."

பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். "மாமா கடைக்கு இன்னொரு பொடியன் கேட்டு வருவாரு. நம்ம ஆள் ஒருத்தனும் வரக்கூடாது. எல்லாருக்கும் சொல்லிரு."

சொன்னேன்.

மாமா வந்தார். முதலில் எங்கள் வீட்டுக்கு. பிறகு லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும். நல்ல சாப்பாடு, நல்ல இடம் என்றார். அம்மாமார் எங்களைப் போகச் சொல்லிக் கெஞ்சினார்கள், ஏசினார்கள். அவன் சொல்லிவிட்டான், ஆகவே ஒருத்தனும் போகவில்லை.

அவன் மட்டும் அங்கே இருந்தான். அவனை வரச் சொல்லும் தைரியம் எங்களில் ஒருத்தனுக்கும் இல்லை. அவன் வந்து சம்பளம் நின்றால் அவன் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.