மூடி வைத்த டிரம்

நெய்வேலிக்கு நான் வந்தது ஒப்பந்த வேலைக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். செங்கல் சூளை, லாரி, புதுச்சேரிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணை என்று எங்கும் ஓராண்டுக்கு மேல் நின்றதில்லை. இங்கே ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்க அறை கிடைத்தது. வாடகை கிடையாது, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மா ஊறுகாய்க்கு அறுத்த பழத்தின் விதையைப் போட்டு வளர்த்த நாரத்தங்கன்று பின்பக்கம் இடுப்பளவு நின்றது. மாதக் கடைசியில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போக வேண்டும். கன்றோ மஞ்சளித்துக்கொண்டிருந்தது.

“இத மட்டும் ஊருக்குக் கொண்டு போயிரணும் தம்பி. தேத்திக் குடுத்துருவியா?”

“தேத்திடலாம் சார்.”

பண்ணையில் கற்ற வேலைதான். மட்கிய இலையுரத்தைச் சாக்கில் கட்டி, டிரம் தண்ணீரில் தொங்கவிட்டு, கொஞ்சம் வெல்லம் கரைத்து, அடிக்கடி கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் மருந்து வாசம் இருக்கும் என்பதால் முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்துவிடுவேன். கலக்கக் கலக்கக் காற்று உள்ளே போகும். இரண்டாம் நாள் மழை நனைத்த மண்ணின் வாசம் வரும். அதை இன்னும் தண்ணீர் சேர்த்துக் கடுங்காப்பி நிறம் போகும்வரை நீர்க்க வைத்து வேரில் ஊற்றுவேன். அவர் பழைய பழக்கம் விடாமல் சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் வேளை தவறாமல் வந்து கலக்குவார்.

“நம்ம கேண்டீன் டீக்கு இது எவ்வளவோ தேவலடே,” என்பார்.

முதல் டிரம்முக்கே துளிர் விட்டது.

இரண்டாவதை ஊறப்போட்டபோது அவர் ஊரில் வீடு ஒழுங்குபண்ணப் போயிருந்தார். எனக்கும் கால் தரிக்கவில்லை. குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினேன், அங்கிருந்து எங்கெங்கோ. கிளம்பும் முன் டிரம்மை இறுக மூடிக் கல் வைத்தேன். இந்த ஊரில் நிலக்கரித் தூசிக்குப் பயந்து குடம், சோற்றுப் பானை, தொட்டி எல்லாவற்றையும் மூடித்தான் வைப்போம். கை தானாகச் செய்துவிட்டது.

மூன்று நாள் கழித்துத் திறந்தேன். சாக்கடை நாற்றம். காற்றில்லாமல் கெட்டதைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மறுநாள் அவர் வருகிறார். புதிதாக ஊறப்போட்டால் நான் கலக்காமல் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனது தெரிந்துவிடும். ஊற்றினேன்.

நான்காம் நாள் துளிர் கருகியது. பிறகு இலைகளெல்லாம் உதிர்ந்தன.

அவர் டிரம்மைக் குனிந்து மோந்து பார்த்தார்.

“மூடி வச்சியா?”

“தூசி வுழும்னு மூடிட்டுப் போனேன் சார். மூணு நாள் வூட்ல இல்ல. நாத்தம் அடிச்சிது. தெரிஞ்சேதான் ஊத்தினேன்.”

அவர் மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அவளும் எல்லாத்தையும் மூடித்தான் வைப்பா,” என்றார். “குடத்து மேல தட்டு, தட்டு மேல துணி. மூடுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஊத்துனியே.”

காலி செய்த அன்று கன்றைத் தோண்டித் தரச் சொன்னார். மண்கட்டி உடையாமல் எடுத்துப் பெயிண்ட் வாளியில் வைத்தேன். நகத்தால் தண்டைக் கீறினேன். அடியில் ஒரு விரல் நீளத்துக்குப் பச்சை இருந்தது.

“உசிரு இருக்கு சார்.”

அவர் வாளியைச் சாமான்களோடு ஏற்றவிடாமல் லாரியின் முன்பக்கம் ஏறி மடியில் வைத்துக்கொண்டார்.

அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கன்று பிழைத்ததா என்று இதுவரை கேட்கவில்லை.