அண்ணன் ஜன்னலுக்குப் போன பைப்

மாடியில் என் மீன்தொட்டியில் எப்போதும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்; அது வெளியேற இரண்டு பைப் வைத்திருந்தேன். மெயின் பைப் அடைத்துக்கொண்டால், சற்று மேலே இருக்கும் அவசர பைப் வழியாகத் தண்ணீர் வெளியே போய்விடும். அதில் பாம்பு ஏறும் என்று, கீழ்வீட்டில் இருக்கும் அண்ணன் என்னிடம் சொல்லாமல் தேங்காய் நாரைத் திணித்துவிட்டார்.

ஒருநாள் மெயின் பைப் அடைத்தது. தண்ணீர் வழிந்து பிளக்கில் இறங்கி, கரண்ட் போய், காற்று மோட்டார் நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்து பார்த்தால் மீன்களெல்லாம் செத்து மிதந்தன.

"மீனுதானடா செத்துச்சு? கொழம்பு வையி" என்று அண்ணன் சிரித்தார்.

நான் நாரைப் பிடுங்கி எறிந்தேன். அவசர பைப்பை நீட்டி, அவர் கட்டிலுக்கு மேலே உள்ள ஜன்னலுக்குத் திருப்பிவிட்டேன்.

"எதுக்குடா இங்கிட்டு வருது?"

"பாம்பு ஏறுனா நீங்களே பாத்துருவீங்கள்லண்ணே."

மெயின் பைப் வாயில் குப்பையைத் தடுக்கும் வலையை நான் இன்னும் மாட்டவில்லை.