லிப்ட்காரம்மா பார்த்த படங்கள்

என் மனைவி லிப்ட் மெக்கானிக். இதைச் சொன்னதும் பத்தில் ஒன்பது பேர், "ஆபீஸ்ல இருக்காங்களா?" என்று கேட்பார்கள். ஆபீசில் இல்லை. பதினாறு வருஷமாக, மொட்டைமாடியில் லிப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில், கிரீஸ் பூசிய கையோடு இருக்கிறாள். பத்தாவது ஆள், "பயமா இருக்காதா?" என்பார். யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை. ஸ்டூலில் ஏறி பல்பு மாற்ற வேண்டுமென்றால்கூட அவளைத்தான் கூப்பிடுவேன். எங்கள் தெருவில் அவளுக்கு லிப்ட்காரம்மா என்று பெயர். எனக்கு லிப்ட்காரம்மா வீட்டுக்காரர் என்று பெயர். முதல் பெயரில் எனக்கு எப்போதும் பெருமைதான். இரண்டாவது பெயருக்கு நான் லாயக்கானவன்தானா என்று எட்டு மாதம் சந்தேகம் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் சினிமாப் பைத்தியம். குடும்பப் படமெல்லாம் ஆகாது. விண்வெளிக் கப்பல் பறக்க வேண்டும், டிராகன் நெருப்பு கக்க வேண்டும், குறைந்தபட்சம் ஹீரோ நாற்பது பேரையாவது புரட்டி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி தவற விட்டதில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். அவள் சர்வீசுக்கு வந்த ஆள் மாதிரி பார்ப்பாள்.

சும்மா சொல்லவில்லை. அவள் கம்பெனியில் அச்சுப் பிழை என்று கழித்துப்போட்ட சர்வீஸ் தாள் ஒரு கட்டு வீட்டில் இருந்தது. இடம், குறை, செய்த வேலை, முடிவு என்று நான்கு கட்டம். படம் பார்த்துவிட்டு வந்ததும் ஒரு தாளை எடுத்து, இடம் என்ற கட்டத்தில் படத்தின் பெயரை எழுதி, மற்றதை நிரப்புவாள். முடிவில் மூன்றே தீர்ப்பு: ஓடும், பார்த்து ஓட்டவும், நிறுத்தி வைக்கவும். ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு விண்வெளிப் படத்துக்கு அவள் எழுதியது: "குறை: ஆயிரம் பேர் போகும் கப்பலில் ஒரு மெயின்டனன்ஸ் ஆள்கூட இல்லை. கதவெல்லாம் தானாகத் திறக்கிறது. யார் எண்ணெய் போடுகிறார்கள்? முடிவு: நிறுத்தி வைக்கவும்." யாருமே பார்க்காமல் நாலே நாளில் தியேட்டரை விட்டு ஓடிப்போன இன்னொரு படத்தை அவள் மூன்று தரம் பார்த்தாள். அதில் ஒரு கிழவர் சரியான ஸ்பானர் கிடைக்காமல் விண்வெளி நிலையத்தின் குழாயைத் திட்டிக்கொண்டே முடுக்குவார். இரண்டு நிமிடக் காட்சி. "இந்த ஊர்ல நிஜமா ஜனங்க இருக்காங்க" என்று சொன்னாள்.

மாயாஜாலப் படங்களிடம் அவளுக்கு இரக்கம் அதிகம். டிராகனைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"டிராகன் பொய்யின்னு அதுவே ஒத்துக்குது. அதுகிட்ட எனக்கு என்ன சண்டை? லிப்ட் அப்படியா? நாளைக்கு நாலு பேர் ஏறப் போற சாமான். அதுல பொய் சொன்னா கோபம் வராதா?"

பறக்கும் கம்பளத்தை மட்டும் விடமாட்டாள். எத்தனை பேர் தாங்கும் என்று அதில் எழுதவே இல்லையாம்.

அடிதடிப் படம் வந்தால்தான் வம்பு. லிப்டுக்குள் ஹீரோ ஒன்பது பேரோடு சண்டை போடுவான். "ஆளுக்கு எண்பது கிலோ, மொத்தம் எண்ணூறு. ஓவர்லோடு மணி அடிக்கணுமே, அடிக்கலையே!" என்பாள். மெதுவாகச் சொல்லத் தெரியாது. மோட்டார் ஓடும் இடத்தில் பேசிப் பேசிக் குரல் அப்படி ஆகிவிட்டது. முக்கால்வாசி பேர் சிரிப்பார்கள். சிலர் இவள் வந்திருக்கிறாளா என்று திரும்பிக்கூடப் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிறு பார்த்த படத்தில் ஹீரோ லிப்ட் குழிக்குள் ரோப்பைப் பிடித்துக்கொண்டு பத்து மாடி வழுக்கி இறங்கினான். "கையக் காட்டச் சொல்லுங்க, தோல் மிச்சம் இருக்கா பாப்போம்!" என்றாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தே நின்று திரும்பினார். "ஏம்மா, வாய மூடிட்டுப் படம் பாரு. பெரிய இன்ஜினியர் வந்துட்டா!"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஆமாங்க, அந்த ரோப்பைத் தினமும் தொடுறவங்க இவங்கதான்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவள் பக்கம் சாய்ந்து, "கொஞ்சம் சும்மா இரேன். மானம் போகுது" என்றேன்.

அவள் சும்மா இருந்தாள். படம் முடியும்வரை இருந்தாள். அடுத்த ஞாயிறு நான் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றபோது, "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு வேலை கிடக்கு" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, சண்டை போடவில்லை, சோறு போடுவதில் குறை வைக்கவில்லை. சர்வீஸ் தாள் கட்டைப் பரணில் ஏற்றிவிட்டாள், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எட்டு மாதம் தனியாகப் படம் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் யாரோ பாப்கார்ன் தின்றார்கள். கப்பல் பறந்தது, டிராகன் வந்தது, எனக்கு ஒன்றுமே ஏறவில்லை.

அந்த எட்டாவது மாதத்து ஞாயிறு பார்த்த படத்தில் ஒரு லிப்ட் அறுந்து நாற்பது மாடி கீழே விழுந்து தூள் தூளானது. தியேட்டர் ஐந்தாவது மாடியில். மாலை வெளிச்சம் இருக்கும்போதே படம் விட்டது. கூட்டம் படியில் இறங்கியது. எனக்கு முட்டி வலி, லிப்டுக்கு நின்றேன். என்னோடு ஏறியவர்கள் மூன்று பேர்: நெஞ்சில் மின்னல் படம் போட்ட பனியனோடு ஒரு கட்டுமஸ்தான ஆள், ஒரு அம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண். நான்காவது மாடி தாண்டியதும் ஒரு குலுக்கல். நின்றுவிட்டது. விளக்கு அணைந்து, மூலையில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. கட்டடத்தில் கரண்ட் போய்விட்டது.

அந்தச் சின்னப் பெண் வீரிட்டாள். "அம்மா, விழப் போகுது!"

பனியன்காரர் மணியை அமுக்கினார். கீழேயிருந்து வாட்ச்மேன், கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன், அரைமணியில் ஆள் வரும் என்று கத்தினார். அரைமணியா என்று பனியன்காரர் மேலே பார்த்தார். கூரையில் சதுரமாக ஒரு மூடி. "சார், என்னைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. அதைத் திறந்து மேல ஏறிடலாம்."

அவரை நான் தூக்குவதா! ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "அது வெளிப்பக்கம் போல்ட் போட்டிருக்கும். உள்ளேர்ந்து திறக்க வராது. படத்துலதான் திறக்கும்."

"அப்ப கதவு?" என்று இரண்டு கையையும் கதவிடுக்கில் விட்டு இழுத்தார். நல்ல பலம். உள்கதவு நகர்ந்தது. எதிரே சுவர், மேலே நான்காவது மாடிக் கதவின் அடிப்பகுதி, எங்கள் கால்பக்கம் மூன்றாவது மாடிக் கதவின் மேல்பகுதி, அதற்கும் லிப்டுக்கும் நடுவே இருட்டாக ஒரு இடைவெளி. "அந்தக் கீழ்க்கதவைத் திறந்து, குனிஞ்சு கீழ குதிச்சிடலாம். மொதல்ல நான் போறேன், குழந்தையைக் கொடுங்க" என்றார். அந்த அம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிவிட்டாள்.

எனக்கு ஞாபகம் வந்தது என் மனைவி முகம். இந்த மாதிரி ஒரு காட்சிக்குத்தான் அவள் தியேட்டரில் உண்மையாகவே பதறுவாள். "நடுவுல நுழையாத, கரண்ட் வந்தா நகரும்!" என்று திரையைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். ஊர் சிரித்திருக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன்.

நான் போய்க் கதவுக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்து நின்றேன். "யாரும் போகக்கூடாது. நீங்க பாதி உடம்பை விடும்போது கரண்ட் வந்து இது நகர்ந்தா என்ன ஆகும்னு யோசிங்க. இல்ல, இடைவெளியில கால் தவறினா நேரா குழிதான். உள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

"கயிறு அறுந்தா?" என்றாள் குழந்தை.

"அஞ்சு ரோப் இருக்கும் கண்ணு. ஒவ்வொண்ணும் கம்பி. ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நம்ம எல்லாரையும் தாங்கும்."

"அஞ்சும் அறுந்தா?"

"அப்பவும் விழாது. வேகமா கீழ போச்சுன்னா அடியில இருக்கிற ஒரு பிடி ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும்."

"காத்து தீர்ந்துடுமா?" இது அந்த அம்மா.

"இது என்ன டப்பாவா? மேலயும் கீழயும் ஓட்டை இருக்கு. இந்நேரம் நல்லா காத்து வருது பாருங்க."

"டிராகன் வந்தா?"

"டிராகன் வந்தா எனக்குத் தெரியாது. டிராகனைப் பத்தி எங்க வீட்டுல யாரும் குறை சொல்றதில்லை."

குழந்தை சிரித்துவிட்டது. பனியன்காரர் கையை எடுத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். பேசப் பேசத்தான் தெரிந்தது, இதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. இத்தனை வருஷமாகப் பக்கத்து இருக்கையிலிருந்து என் காதில் விழுந்தது. நான் படம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காவது மாடிக் கதவை யாரோ தட்டினார்கள். "உள்ள எத்தனை பேர்? யாருக்காவது அடியா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? அன்று அவளுக்கு டியூட்டி என்பதைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"நாலு பேர். அதுல ஒண்ணு குழந்தை. யாருக்கும் அடி இல்ல. பாதி லோடுகூட இல்ல, பிரேக் எடுத்தா கவுண்டர் வெயிட் இழுத்து மேலதானே போகும்?"

குரல் கதவிடுக்குக்குப் பக்கத்தில் வந்தது.

"யாருங்க பேசுறது?"

"நான்தான்."

பிறகு அவள் குரல் கட்டளையாக வந்தது. "மேலதான் போகும். உள்கதவைச் சாத்திட்டுத் தள்ளி நில்லுங்க. நான் மெஷின் ரூமுக்குப் போறேன்." படிகளில் அவள் பூட்ஸ் சத்தம் கேட்டது.

நான் எல்லோரையும் சுவரோரம் நிறுத்தினேன். "இப்ப கொஞ்சம் கொஞ்சமா மேல போகும். கீழதானே போகணும்னு பயப்படாதீங்க. மறுபக்கம் ஒரு எடை தொங்குது, அது நம்மளைவிடக் கனம்." சொல்லி வாய் மூடவில்லை, லிப்ட் ஒரு சாண் ஏறி நின்றது. இன்னொரு சாண். "மேலதான் போகுது! மாமா சொன்ன மாதிரியே போகுது!" என்று குழந்தை கை தட்டியது. ஆறேழு தடவையில் தளத்துக்குச் சரியாக வந்து நின்றது. மில்லிமீட்டர் பிசகவில்லை. அவளோடு வந்திருந்த மெக்கானிக் கதவைத் திறந்தார்.

அவள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். நீலச் சட்டை, நெற்றியில் கிரீஸ். கட்டட மேனேஜரைப் பிடித்துக்கொண்டாள். "கரண்ட் போனா பக்கத்து மாடியில கொண்டுவந்து விடுற பேட்டரி செத்துப்போய் ரெண்டு மாசம் ஆச்சு. மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். இனிமே மாத்துற வரைக்கும் லிப்ட் ஓடாது." அவர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். எனக்கு அந்த முன்வரிசை ஆள் இங்கே இருக்கக்கூடாதா என்று இருந்தது.

பனியன்காரர் அவளிடம் வந்து என்னைக் காட்டினார். "மேடம், இவர் இல்லைன்னா நான் அந்த இடுக்குல நுழைஞ்சிருப்பேன். குழந்தையையும் இழுத்திருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "சார், நீங்களும் லிப்ட் கம்பெனியா?" என்றார்.

"இல்லைங்க," என்றேன், அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி. "நான் இவங்க வீட்டுக்காரர்."

வீட்டுக்கு நடந்தே போனோம். பாதித் தெரு தாண்டியதும், "படம் எப்படி?" என்றாள்.

"லிப்ட் அறுந்து விழுந்துச்சு."

"எத்தனை ரோப்?"

"ஒண்ணுதான் காட்டினான்."

"ஒண்ணா!" என்று நின்றேவிட்டாள்.

"அடுத்த வாரம் வா. வந்து பக்கத்துல உட்கார்ந்து சொல்லு. சத்தமா சொல்லு."

"மானம் போகும்னீங்களே."

"போச்சுதான். அந்த ஆள் உன்னைச் சொன்னப்ப நான் கம்முனு இருந்தேன் பாரு, அப்பவே போச்சு. அதை உன்கிட்டச் சொல்ல எனக்கு எட்டு மாசம் ஆகியிருக்கு."

வீட்டுக்கு வந்து கை கழுவினாள். ஸ்டூலைப் போட்டுப் பரணில் எதையோ துழாவினாள். நான் தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோது மேஜையில் ஒரு சர்வீஸ் தாள் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

இடம்: என் வீட்டுக்காரர்.

குறை: எட்டு மாதமாகச் சத்தமே இல்லை.

செய்த வேலை: நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் தானாகச் சரியானது.

முடிவு: ஓடும்.