மூன்று பாஷையில் ‘இல்லை’

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் மீன் குழம்பு வாசம் நின்றது. புளியும் பூண்டும் தூக்கலாக, நல்ல வாசம். எனக்குப் பசியைக் கிளப்பியது, வேறு யாருக்கோ கோபத்தைக் கிளப்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் பஞ்சாயத்து தொடங்கியது. யார் வீட்டில் சமையல் என்று செயலாளர் கேட்க, ஒவ்வொரு வீடாக ‘எங்கள் வீட்டில் இல்லை’ என்று பதில் போட்டது. தமிழில் சிலர், கன்னடத்தில் சிலர், தெலுங்கில் இரண்டு பேர், மீதிப் பேர் ஆங்கிலத்தில். ஓசூரில் குடியிருப்பு என்றால் அப்படித்தான். மீன் தானாகவே பட்டனை அமுக்கி மேலே போயிருக்கும் போல. நான் சிரித்துக்கொண்டே ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். இப்படி ஊரே சேர்ந்து ‘இல்லை’ சொல்லி முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மீன்வளத் துறையில் உயிரியலாளர். இன்றைக்கும் உறவுக்காரர்கள் இதைக் கேட்டால் ‘மீன் மார்க்கெட்லயா?’ என்கிறார்கள். எந்த ஏரியில் என்ன நாட்டு மீன் இருக்கிறது, எது குறைகிறது, ஏன் குறைகிறது என்று பார்த்து எழுதுவது, முடிந்தால் குறையாமல் காப்பாற்றுவது. நான் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்துக்காரி. முதல் பணியிடம் ஓசூர் என்று உத்தரவு வந்தபோது அம்மா, ‘கடலே இல்லாத ஊர்ல மீனுக்கு எங்கட்டி போவே?’ என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். சாளை, சீலா, நெத்திலி என்று கடல் மீன்களோடு வளர்ந்தவள், இங்கே வந்து ஏரிக்கரையில் திருதிருவென்று நின்றேன். பாடப் புத்தகத்தின் லத்தீன் பெயர்கள் தெரியும். ஊர்ப் பெயர் தெரியாது. ஒரே மீனைத் தமிழ்க்காரர் விரால் என்பார், தெலுங்குக்காரர் கொரமீனு என்பார், நான் அதைக் குரவை என்று புரிந்துகொண்டு தலையாட்டுவேன். குரவை வேறு மீன். இந்தக் குழப்பத்திலேயே முதல் மாதச் சம்பளத்தை வாங்கிவிட்டேன்.

என் ஜீப்பை ஓட்டியவர் பெயர் சம்பங்கி. பூவின் பெயர்தான், ஆனால் ஆறடி ஆள், மீசை இருக்கும். இந்தப் பக்கத்தில் ஆண்களுக்கும் அந்தப் பெயர் உண்டு. வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், ஜீப்பில் என்னோடு தமிழ். என் தூத்துக்குடித் தமிழைக் கேட்டு வாய்க்குள்ளேயே சிரிப்பார். ஊர் ஊராகப் போய் நான் கேள்வி கேட்பேன், அவர் அதை எந்தப் பாஷை வேண்டுமோ அதில் மாற்றிப் போடுவார்.

அப்படித்தான் பேரிகைக்குப் போகிற வழியில் சிக்ககெரே என்ற ஏரிக்குப் போனோம். சிக்ககெரே என்றால் கன்னடத்தில் சின்ன ஏரி. ஏரி என்னவோ சின்னதில்லை, இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்காது. சுற்றிலும் கோஸ், தக்காளி, கொத்தமல்லித் தோட்டங்கள். புதினா அறுக்கிற நேரத்தில் அந்தக் கரையில் நடந்தால் சட்டையெல்லாம் மணக்கும். கரையில் இருந்தவர்களிடம் இங்கே மீன் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் ‘இல்ல’ என்றார். இன்னொருவர் ‘லேது’ என்றார். மாடு கழுவிக்கொண்டிருந்தவர் கன்னடத்தில் ‘இல்லா’ என்று ராகம் போட்டார். சம்பங்கி மூன்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, ‘இல்லங்கறாங்கோ மேடம்’ என்று மொழிபெயர்த்தார்.

தண்ணீரில் நீர்க்காகங்கள் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த ஏரி எனக்கு ஏன் முக்கியமாகிவிட்டது என்றால், பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டை வரப்போகிறது, அதன் கழிவுநீரைச் சுத்திகரித்து இந்த ஏரியில் விடலாமா என்று எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருந்தார்கள். சுத்திகரித்து என்ற சொல்லை நான் அதற்குள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கக் கற்றிருந்தேன். தென்பெண்ணையில் மழைக்காலத்தில் நுரை வீட்டுச் சுவர் உயரத்துக்குப் பொங்கி நிற்பதையும், பாலத்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவதையும் பார்த்தவள். ஆற்றைக் காப்பாற்ற நான் வந்து சேர்ந்தது தாமதம். இந்த ஏரியையாவது விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வீச்சு வலை போட்டுப் பார்த்தேன். மீன் கிடைத்தது, அதுவும் நாட்டு மீன். வேறு ஏரிகளில் வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபி மீன் பெருகி எல்லாவற்றையும் விரட்டியிருக்க, இங்கே அது நுழையவே இல்லை. சந்தோஷமாக அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அலுத்துப்போனவர். மீன் இருக்கலாம் அம்மா, அதை நம்பி மனிதர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஊரே இல்லை என்கிறது, யாருக்கும் நஷ்டமில்லாத மீனுக்காகத் திட்டத்தை நிறுத்த மாட்டார்கள் என்றார். ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை.

மறுபடி போனேன். இந்தத் தடவை முனிரத்தினம்மா என்பவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஏரிக்கு ஒட்டினாற்போலக் கொத்தமல்லித் தோட்டம் வைத்திருந்தவர், நாற்பது வயது இருக்கும், பேசும்போது எதிராளியின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காதவர். மோரைக் குடிக்கும்போது உள்ளேயிருந்து வாசம் வந்தது. அடுப்பில் என்னக்கா என்றேன்.

“கருவாடு மேடம். சந்தையில வாங்கினது.”

கருவாடு காய்கிற முற்றத்தில் தவழ்ந்து வளர்ந்தவளிடம் கருவாடு என்கிறார். அது பச்சை மீன், அதுவும் அன்று காலையில் பிடித்தது. சேற்று மணம் போக மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிய மீன். நான் மோரை முடித்தேன். திரும்பும்போது ஜீப்பில் சம்பங்கியிடம் அது என்ன வாசம் என்று கேட்டேன். தனக்குச் சளி பிடித்திருக்கிறது, வாசனை தெரியவில்லை என்றார். அதுவரை அவர் ஒரு தும்மல்கூடப் போட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை ஜீப்பை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன். ஜீப் சத்தம் கேட்டால் ஊர் உஷாராகிவிடுகிறது என்பது அதற்குள் புரிந்திருந்தது. முனிரத்தினம்மா கொத்தமல்லிக் கட்டுகளைத் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து இரண்டு கட்டு கட்டினேன். என் கட்டைப் பிரித்து அவர் மறுபடி கட்டினார். பிறகு கூட்டத்தைப் பற்றியும், அங்கே இல்லை என்று சொன்னால் ஏரிக்குள் என்ன வரும் என்பதையும் சொன்னேன். அவர் கை நின்றது.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ரொம்ப காலத்துக்கு முன்னால் அந்த ஏரியில் மீன்பாசி ஏலம் விட்டிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு ஏரி மீன் முழுக்க ஏலம் எடுத்தவருக்கு என்பதுதான் அதன் அர்த்தம். வெளியூர்க்காரர் எடுத்திருக்கிறார். தூண்டில் போட்ட ஊர்க்காரர்களை அவருடைய ஆட்கள் கரையிலேயே அடித்திருக்கிறார்கள். கடைசியில் மொத்த மீனையும் வாரிக்கொண்டு போவதற்காக ராத்திரியோடு மதகைத் திறந்து ஏரியை வற்ற வைத்துவிட்டார்கள். அந்த வருஷம் பயிரும் போயிற்று, மாடுகளையும் விற்றார்கள். அதிலிருந்து சர்க்காரில் யார் வந்து கேட்டாலும் சிக்ககெரேயில் மீன் கிடையாது. இது ஊர்க்கட்டுப்பாடு. குழந்தைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, மாறாக மரியாதை வந்தது. ஒரு ஏரியைக் காப்பாற்ற எங்கள் துறை செய்ததைவிட அவர்களுடைய பொய் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் இப்போது அதே பொய் ஏரியின் தலையில் மண்ணைப் போடப்போகிறது.

மீன் இருக்கிறது என்று சொன்னால் மறுபடி ஏலம் வருமா என்று முனிரத்தினம்மா கேட்டார். வரலாம் என்றேன். வராது என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஏலம் வந்தால் எதிர்த்து நிற்க வழி இருக்கிறது, நான் நிற்பேன், கழிவுநீர் வந்தபின் நிற்பதற்கே ஒன்றும் மிஞ்சாது என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

“நீ நிப்ப மேடம். உன்ன வேற ஊருக்கு மாத்திட்டா ஆரு நிப்பாங்கோ?”

“போக மாட்டேன்க்கா.”

அரசாங்க ஊழியர் சொல்லக் கூடாத வார்த்தை அது. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுவதுதான் எங்கள் வேதம். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் மறுபடி கட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

கூட்டம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரிகள், எதிரே ஊர். வழக்கம்போலக் கேட்டார்கள், வழக்கம்போல மூன்று பாஷையிலும் பதில் வந்தது. மேலதிகாரி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் முனிரத்தினம்மாவைத் தேடினேன், காணவில்லை. அதிகாரிகள் எழுதி முடித்து எழுந்திருக்கப் போகிற நேரத்தில் அவர் ஈரக் கோணி மூடிய பக்கெட்டோடு உள்ளே வந்தார். மேசைக்கு முன்னால் வைத்துக் கோணியை எடுத்ததும் முழங்கை நீள விரால் ஒன்று துள்ளி ஒரு அதிகாரியின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது. அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

“இக்குது சார். இத்தினி வருசமா இல்லன்னு சொன்னது பொய்யி. தக்காளி வெல போகாத நாள்ல இதான் எங்க சோத்துக்குக் கொழம்பு.”

ஒரு பெரியவர் தெலுங்கில் அவரைத் திட்ட ஆரம்பித்தார், ஊர்க்கட்டுப்பாட்டை உடைத்துவிட்டாயே என்று. முனிரத்தினம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார், பின்வாங்கவில்லை. அப்போது வாசல் பக்கமிருந்து சம்பங்கியின் குரல் வந்தது.

“சேளு மீனும் இக்குது மேடம். எழுதிக்கோங்கோ.”

தேள் மாதிரிக் கொட்டுகிற மீன், தமிழில் தேளி என்போமே, அதுதான். சிக்ககெரே சம்பங்கியின் மாமியார் ஊர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜீப் கிளம்பும்போதே ஊருக்குத் தகவல் எப்படிப் போனது என்பதும். அவர் வாயைத் திறந்ததும் மற்றவர்களும் திறந்தார்கள். கெளுத்தி, ஆரால், கெண்டையில் எத்தனை வகை, பிள்ளை பெற்றவளுக்கு எதைக் கொடுப்பார்கள், ஏரி கோடி போகும்போது, அதாவது நிரம்பி வழியும்போது, எது எதிர் நீரில் ஏறும் என்று பெரியவர் உட்பட எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் பேனாவுக்குக் கை வலித்தது.

கழிவுநீர் வரவில்லை. ஆனால் முனிரத்தினம்மா பயந்தபடியே அடுத்த வருஷம் ஏலத்துக்கான உத்தரவு எங்கள் துறையிலிருந்தே வந்தது. நாட்டு மீன் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவளே நான்தானே. கிருஷ்ணகிரிக்கு அலைந்தேன். மனு போட்டேன், திட்டு வாங்கினேன், சொந்தத் துறையை எதிர்த்து எழுதுகிறவள் என்று பெயர் எடுத்தேன். நாட்டு மீனுக்கான ஏரி, ஊர்க்காரர் தூண்டில் மட்டும் போடலாம் என்று ஆகும் வரை விடவில்லை. ஒவ்வொரு ஏல சீசனிலும் யாராவது அதைக் கிளறுவார்கள், நானும் மறுபடி பஸ் ஏறுவேன்.

நடுவில் தூத்துக்குடிக்கே மாற்றல் வந்தது. அம்மா மாடி அறையை வெள்ளையடித்து வைத்துவிட்டாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா பல மாதம் என்னோடு பேசவில்லை. பதவி உயர்வும் வேறு ஊரில்தான் வந்தது, அதையும் விட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் இப்போது என் அதிகாரிகள். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் திரும்ப ஒரு முறை கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்லுவேன்.

போன மாதம் சிக்ககெரேக்குக் கணக்கெடுக்கப் போனேன். தண்ணீர் இருக்கிறது, நீர்க்காகம் இருக்கிறது. புதினா மணம் இல்லை. தோட்டங்கள் எல்லாம் மனையாகி, வீடாகி, மாடியாகிவிட்டன. பெரியவர் இல்லை. சம்பங்கி ஓய்வு பெற்று மகளோடு சேலத்தில் இருக்கிறார். முனிரத்தினம்மாவும் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டார், மகன் வீட்டில் மூன்றாவது மாடி. போகும் முன் என் அலுவலகத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

கரையில் கம்பெனிச் சீருடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பேச்சில் மதுரைப் பக்கம். இங்கே மீன் இருக்கிறதா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். தெரியவில்லை மேடம், நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்றார். பாவம், அவரைச் சொல்லி என்ன, நானும் இந்த ஊருக்கு வாடகைக்கு வந்தவள்தான். அடுத்து வந்த இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

வலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது வீச்சில் விரால் வந்தது, நல்ல கனம். அளந்து எழுதிவிட்டுத் தண்ணீரில் விட்டேன். போக மாட்டேன் என்று சொன்னேன், போகவில்லை. நிமிர்ந்து கரையைப் பார்த்தேன். இல்லவே இல்லை என்று என் முகத்தைப் பார்த்து அடித்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.