ஒரு ஜெபம் போதும் என்றார்கள்

பேச்சு, மொழிச் சிகிச்சையில் பட்டம் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள், "பட்டிமன்றத்துக்கா?" என்று கேட்பார்கள். மதுரையில் வேறு என்ன கேட்பார்கள்? பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும், பேச்சு வராத குழந்தைகளுக்கும் பயிற்சி கொடுக்கும் படிப்பு என்று விளக்கி விளக்கி என் தொண்டைதான் வற்றியது.

மூன்றாம் ஆண்டில் பயிற்சிக்காக ஒரு வாத்தியாரை என்னிடம் ஒப்படைத்தார்கள். தல்லாகுளத்தில் வீடு. மிஷன் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது கையோடு பேச்சும் போயிருந்தது. நாம் சொல்வது முழுக்கப் புரியும், பதில் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது. டம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்டால் வாயைத் திறப்பார், ஒன்றும் வராது, இடது கையால் தலையில் அடித்துக்கொள்வார். முதல் சில மாதங்கள் விடாமல் பயிற்சி கொடுத்தால் நிறைய மீட்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையும் பெரும்பாடு.

இப்படிப்பட்டவர்களுக்கும் சிறு வயதில் மனப்பாடமானது தானாக வந்துவிடும். வாய்ப்பாடு, கிழமைகள், பாட்டு. அதில் தொடங்கி மெல்லச் சொந்தப் பேச்சுக்கு இழுத்து வரவேண்டும் என்பது எங்கள் பாடம். அவரைப் போல நானும் சர்ச்சில் வளர்ந்தவள் என்பதால் ஒருநாள், எங்களில் எல்லாரும் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்யும் பரமண்டல ஜெபத்தின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். மனிதர் ஆமென் வரை தங்குதடையில்லாமல் சொல்லி முடித்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவரை முன்னால் நிறுத்தி அந்த ஜெபத்தைச் சொல்ல வைத்திருக்கிறார்கள். சபையே கண் கலங்கியதாம். இது கர்த்தர் செய்த அற்புதம் என்று மனைவி சாட்சி சொன்னாராம். அதற்குப் பிறகு அவர்கள் பயிற்சிக்கு வரவில்லை. போன் செய்தேன்.

"அதான் கர்த்தர் வாயத் திறந்துட்டாரேம்மா. அம்புட்டு நீளத்தையும் சொல்றவருக்கு மிச்சம் வராமலா போயிரும்?"

"அது மனப்பாடம்மா. அவரா யோசிச்சு இன்னும் ஒரு வார்த்த சொல்லல. வாரத்துக்கு ரெண்டு நாளாச்சும் கூட்டிட்டு வாங்க."

"வாரோம்மா, வாரோம்."

வரவில்லை. எனக்குக் கோபமான கோபம். ஆனால் யார்மேல் கோபப்படுவது? அந்த அம்மாவுக்கு அத்தனை மாதத்தில் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. எடுத்துக் கொடுத்தவளே நான்தான். இன்னும் இரண்டு முறை போன் செய்தேன், அப்புறம் பரீட்சை வந்துவிட்டது.

பட்டம் வாங்கிய பிறகு ஒரு சாயங்காலம் ஸ்வீட் பாக்கெட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வாத்தியார் முகம் மலர்ந்தது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. இடது கையால் ஜன்னலைக் காட்டி மனைவியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தேடினார், திணறினார். கடைசியில் ஜெபத்தின் முதல் வார்த்தை வந்து விழுந்தது. இது இல்லை என்று தலையை ஆட்டினார். ஆனால் வாய் நிற்கவில்லை, அடுத்தடுத்த வார்த்தைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

"யாரு வந்தாலும் இப்பிடித்தாம்மா, மொதல்ல ஜெபம் பண்ணிருவாரு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அந்த அம்மா சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஜெபம் காதில் விழுந்தால் தலையை மூடிக்கொண்டு குனிவது எனக்கும் நடை பழகிய நாளிலிருந்து வந்த பழக்கம். துப்பட்டாவைத் தலையில் போட்டு நானும் கண்ணை மூடிவிட்டேன். ஆமென் சொல்லித் திறந்தபோது அவர் கை இன்னும் ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தது.