பக்கத்துச் செடியின் இலை

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது சபீனா அக்காவின் மகன் அழைத்தான். “ஆன்ட்டி, அம்மா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கப்புறம் அடக்கம்.” கடைசி மாணவியின் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேகம்பூருக்குக் கிளம்பினேன். பாதியில் எழுந்து போயிருந்தால் அக்கா திட்டியிருப்பார்.

நம் தாவரவியல் துறையில் அவர் ஆய்வக உதவியாளர். நாம் கொண்டுவரும் செடிகளை அழுத்தி, காயவைத்து, தாளில் ஒட்டிப் பாதுகாத்தவர். அவருக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது நம்மில் பலருக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எனக்கும்தான்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு பங்குனியில் சிறுமலை அடிவாரத்தில் நரிவெங்காயம் சேகரித்தேன். பூந்தண்டையும், அதன் அடியில் இருந்த இலையையும் ஒரே தாளில் நானே ஒட்டினேன். ஆய்வேட்டில் இலையின் அளவுகளையும் எழுதிவிட்டேன். சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது அக்கா அந்தத் தாளைப் பார்த்தார்.

“ஏம்மா தேவகி, இது பூக்குறப்ப எலையே இருக்காதே. பூ காஞ்சு மழை விழுந்தப்புறம்ல எலை வரும்? இதுல ஊதாப் புள்ளி வேற இருக்கு. இது அந்தச் சின்னக் காட்டுவெங்காயத்து எலை. அதுக்குத்தான் எலையும் பூவும் ஒண்ணா வரும்.”

“அடியிலதாங்க்கா இருந்துச்சு.”

“இருக்கும். ரெண்டும் சொந்தக்காரங்கதான, பக்கத்துல பக்கத்துலதான் மொளைக்கும். அதுக்காகப் பக்கத்து வீட்டுக்காரனைப் புருசன்னு எழுதி வைப்பியா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உண்மையான இலைக்குக் காத்திருந்தால் சமர்ப்பிப்பது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். “டிகிரி படிக்காதவங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்” என்றேன்.

“சரி டீச்சர்” என்றார். அதுவரை அவர் என்னை டீச்சர் என்று அழைத்ததில்லை.

நான் மிச்சம் வைத்திருந்த கிழங்கை அவர் ஒரு பெயிண்ட் வாளியில் நட்டு வராந்தாவில் வைத்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க எனக்கும் கை வரவில்லை. ஆனி மாதத்தில் ஒரு நாள் வராந்தாவிலிருந்து குரல் கேட்டது. “தேவகி, ஓடியா! சொந்த வீட்டுக்காரன் வந்துட்டான்!”

வாளியில் அகலமான இலைகள். ஒரு புள்ளிகூட இல்லை.

அளவுகளைத் திருத்தி எழுதினேன். நன்றிப் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பதினான்கு ஆண்டுகள் இருந்தன.

அந்தத் தவறான தாளை அவர் கிழிக்க விடவில்லை. அது என்னிடம் இருக்கிறது. இரண்டு செடிகளையும் ஒப்பிட்டு நடத்தும் வகுப்பில் அதைத்தான் முதலில் சுற்றுக்கு விடுகிறேன். “யாரு மிஸ் இப்படி ஒட்டினது?” என்று மாணவிகள் சிரிப்பார்கள். நான்தான் என்று சொல்கிறேன். கண்டுபிடித்தவர் பெயரையும், அன்று அவரிடம் நான் சொன்னதையும் சொல்கிறேன்.